பழைய இரும்புக்குப் பேரிச்செல்லோ!

எங்க ஊர் திருவண்ணாமலையில் ரேஸ் என்றால், பௌர்ணமி கழிந்த விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் நடக்கிறதே, அதுதான் ரேஸ். பதினாலு கிலோ மீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்து, 'அருணாசலா, காலே போச்சுப்பா' என்று புலம்பிக்கொண்டிருந்த அதே ஆசாமிகள், சென்னை பஸ் உள்ளே நுழைந்ததும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ஜன்னல் வழியாகத் துண்டு போகும், செருப்புப் பை போகும். ஒரு தடவை ஒரு குழந்தையே சீட் பிடிக்க உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன். (குழந்தைக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அப்பாவுக்கு ஸ்டாண்டிங்.)

அதற்கு ரொம்ப முந்தைய ரேஸ் ஒன்றும் எங்கள் ஊரில் நடந்திருக்கிறது. பிரம்மாவா, விஷ்ணுவா, யார் பெரியவர் என்று தகராறு. சிவபெருமான் நெருப்புத் தூணாக நின்று, 'என் அடியையோ முடியையோ பார்த்துவிட்டு வாருங்கள்' என்று விட்டுவிட்டார். விஷ்ணு பன்றியாகப் பூமியைக் குடைந்தார். பிரம்மா அன்னமாக மேலே பறந்தார். விஷ்ணு திரும்பி வந்து 'முடியலை' என்று ஒப்புக்கொண்டார். பிரம்மாவோ வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்சாட்சிக்கு இழுத்து வந்து மாட்டிக்கொண்டார். சிவபூஜையில் தாழம்பூவுக்கு அன்றிலிருந்து இடம் கிடையாது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், போட்டி வைத்தவர் இரண்டு பேருக்கும் ஒரே விதியை வைத்தார் என்பது. 'நீ கொஞ்சம் மெதுவாப் பற, அவர் ஜெயிச்சுட்டுப் போகட்டும்' என்று யார் காதிலும் கிசுகிசுக்கவில்லை.

என் விஷயத்தில் கிசுகிசுத்தார்கள். அதுவும் எனக்குச் சாதகமாக! அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

2008-ல் எங்கள் ஊரில் ஒரு டூ வீலர் ஷோரூமில் சேல்ஸில் சேர்ந்தேன். பி.காம். முடித்து, வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சேர்ந்தது. (இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை.) எனக்கு முன்பே அங்கே இருந்தவர் அண்ணன். பெயர் வேண்டாம், நான் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயது பெரியவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த மனுஷன். வண்டியை ஒரு உதை உதைத்தால் போதும், சத்தத்தை வைத்தே சங்கதி சொல்லிவிடுவார்.

அவருக்கு ஒரு பைத்தியம்: ஃபார்முலா ஒன். 2005-ல் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் டீமில் கார் ஓட்டப் போனாரே, அப்போது பிடித்தது. அந்த வருஷம் ஜூனில் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் ரேஸ். டயர் தகராறில் பதினாலு கார்கள் ஓடாமலே ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஓடியது ஆறே ஆறு. ஃபெராரி ரெண்டு, ஜோர்டான் ரெண்டு, மினார்டி ரெண்டு. நரேன் நாலாவதாக வந்து அஞ்சு பாயிண்ட் எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியர் எடுத்த முதல் பாயிண்ட். ராத்திரி கண் விழித்து அதைப் பார்த்ததை அண்ணன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவர் மனசில் நின்றது நரேன் மட்டுமில்லை. முதல் இடத்துக்காக இரண்டு ஃபெராரியும் கிட்டத்தட்ட மோதிக்கொள்ளப் பார்த்து, ஒன்று புல்லில் இறங்கியது. இறங்கியவர் ரூபன்ஸ் பேரிச்செல்லோ. "ஷூமேக்கருக்கு வழி விட்டே பழக்கப்பட்ட மனுஷன் தம்பி. பாவம்" என்பார்.

ஷோரூம் மேஜை டிராயருக்குள் பேரிச்செல்லோ படம் ஒட்டியிருந்தார். எதிரே டீக்கடைக்காரருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "இன்னா, பேரீச்சம்பழம் படமா?" என்று ஆரம்பித்தவர், கடைசியில் அண்ணனுக்கே 'பேரீச்சம்பழம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

ரேஸ் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு வரி. இந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு டீமுக்கும் இரண்டு கார், இரண்டு டிரைவர். டீமுக்கு ஒரு கோப்பை, டிரைவருக்குத் தனியாக ஒரு கோப்பை. அதாவது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற சக ஊழியர்தான் உங்கள் முதல் எதிரி. ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2002 மே மாதம் ஆஸ்திரியாவில் பேரிச்செல்லோதான் ரேஸ் முழுக்க முன்னால் ஓடினார். கடைசிச் சுற்று, கடைசி வளைவும் தாண்டியாச்சு. கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, டீம் சொன்னபடி வேகத்தைக் குறைத்து ஷூமேக்கரை முன்னால் விட்டார். ஸ்டேடியமே 'ஊ' என்று கத்தியது. ஷூமேக்கருக்கே வெட்கமாகி, மேடையில் பேரிச்செல்லோவை முதல் படியில் ஏற்றிவிட்டு, தன் கோப்பையையும் அவர் கையில் திணித்தார். மேடை மரியாதையை மீறியதற்காக பத்து லட்சம் டாலர் அபராதம்! இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது அந்த வருஷத்தின் ஆறாவது ரேஸ். அதற்கு முந்தைய அஞ்சில் நாலை ஷூமேக்கர்தான் ஜெயித்திருந்தார். வருஷக் கடைசியில் அவர் 144 பாயிண்ட், பேரிச்செல்லோ 77. பந்தியில் ஏழெட்டு லட்டு வைத்திருப்பவனுக்காகப் பக்கத்து இலையிலிருந்து ஒரு பூந்தியைப் பிடுங்கி வைத்த மாதிரி. இந்தக் கூத்துக்குப் பிறகு 2003-லிருந்து டீம் ஆர்டரே கூடாது என்று தடை போட்டார்கள்.

தடை போட்டால்? நம்ம ஊரில் 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதே' என்று எழுதிய சுவரில் என்ன நடக்குமோ, அதுதான். 2010 ஜூலை 25, ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம். அண்ணன் வீட்டு டி.வி.யில் நானும் அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஃபெராரியின் ஃபிலிப்பே மாஸா முன்னால் ஓடுகிறார். அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், அதே தேதியில், ஹங்கேரியில் ஒரு ஸ்பிரிங் பறந்து வந்து தலையில் அடித்து உயிர் பிழைத்தவர் அவர். அவருக்கு ரேடியோவில் இன்ஜினீயர் ஒரு சேதி சொல்கிறார்: ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகம், இது உனக்குப் புரிந்ததா? அவ்வளவுதான். மாஸா வழிவிட்டார். அலோன்ஸோ ஜெயித்தார்.

அண்ணன் எழுந்து டி.வி.யை அணைத்துவிட்டார். "அண்ணி, சாப்பாடு போடுங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதிலிருந்து எங்களுக்குள் 'ஹாக்கன்ஹைம்' ஒரு சங்கேத வார்த்தை. மேனேஜர் யாருக்காவது ரகசியமாக லீவு கொடுத்தால் ஹாக்கன்ஹைம். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இரண்டாவது தடவை பாயசம் வந்தால் ஹாக்கன்ஹைம்.

2011 ஜனவரியில் கம்பெனியிலிருந்து ஒரு சர்க்குலர். ஜனவரி முதல் மார்ச் வரை ஏரியாவிலேயே அதிக வண்டி விற்கும் சேல்ஸ்மேனுக்கு எட்டு கிராம் தங்கக் காசு. அதோடு டீம் லீடர் போஸ்ட். மார்ச் 21, திங்கட்கிழமை காலையில் கணக்கு இப்படி: அண்ணன் 93, நான் 88. வேலூர் ஷோரூமில் ஒருத்தன் 109!

மேனேஜர் என்னை மட்டும் ரூமுக்குக் கூப்பிட்டார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பேசுவது அவர் வழக்கம்.

"தனித்தனியா ஓடினா ரெண்டு பேருமே வேலூர்க்காரன்கிட்ட தோப்பீங்க. இனிமே இந்த ஷோரூம்ல வர்ற புக்கிங் எல்லாம் உன் பேர்ல போகும்."

"அண்ணன்தானே சார் முன்னால இருக்காரு?"

"அவர் ஜெயிச்சா காசு வரும், போஸ்ட் வராது. டீம் லீடருக்கு டிகிரி கேக்கறான் கம்பெனி. நீ ஜெயிச்சா ரெண்டும் வரும். நம்ம ஷோரூமுக்கும் பேரு. நான் அவர்கிட்ட பக்குவமா சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னதில் ஒரு இடத்திலாவது தப்பு கண்டுபிடிக்க முடிகிறதா? எனக்கு முடியவில்லை. (கண்டுபிடிக்க ரொம்பவும் முயற்சி செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'மாப்பிள்ளை சேல்ஸ்மேன்' என்பதற்கும் 'மாப்பிள்ளை டீம் லீடர்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மேனேஜர் அண்ணனிடம் பக்குவமாகவும் சொல்லவில்லை, பக்குவமில்லாமலும் சொல்லவில்லை. அவரைத் தண்டராம்பட்டு, வேட்டவலம் என்று ஃபீல்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் வெயிலில் அலைந்து ஆளைப் பிடித்து அனுப்புவார். இங்கே ரிஜிஸ்தரில் என் பெயர் ஏறும். அஞ்சு நாள் இப்படி ஓடியது. அந்த அஞ்சு நாளும் அவரோடுதான் டீ குடித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம், அனுப்பிய கஸ்டமர் ஒருத்தருக்கு வண்டி நம்பர் பார்க்க ரிஜிஸ்தரைத் திறந்தார். ஒரு பக்கம் பார்த்தார். முந்தைய பக்கத்தைப் புரட்டினார். மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி,

"இன்னா தம்பி... ஹாக்கன்ஹைமா?" என்றார்.

சத்தம் போட்டிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். சிரித்த மாதிரிதான் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் ஷோரூம் தரையில் மொத்தம் எத்தனை டைல்ஸ் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

அப்புறம் ரூமுக்குள் போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திங்கட்கிழமை வழக்கம்போல ஃபீல்டுக்குப் போனார். 30-ம் தேதி உலகக் கோப்பை செமி ஃபைனல், இந்தியாவும் பாகிஸ்தானும். ஷோரூமுக்கு ஈ கூட வரவில்லை. 31-ம் தேதி சாயங்காலம் மேனேஜர் வேலூருக்குப் போன் போட்டு வேவு பார்த்தார். அவன் 121. நான் 121!

ஆறரை மணிக்கு அண்ணன் வந்தார், செங்கம் பக்கத்து விவசாயி ஒருவரோடு. மஞ்சப்பையில் கட்டுக்கட்டாக மல்லாட்டை விற்ற பணம். பையனுக்கு வண்டி. பணத்தை எண்ணி முடித்ததும் ரிஜிஸ்தரை என் முன்னால் தள்ளுவார் என்று நினைத்தேன். அவரே பேனா எடுத்து, சேல்ஸ்மேன் கட்டத்தில், என் பெயரை இனிஷியலோடு எழுதினார். அவர் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். அன்றைக்கு மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது.

நான் 122. வேலூர் 121. அண்ணன் 93-லேயே நின்றார்.

வேலூரில் ஒரு ஹோட்டலில் விழா. மாலை, போட்டோ, கைதட்டல். அண்ணனும் வந்திருந்தார், கடைசி வரிசையில். திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டியதும், தங்கக் காசு இருந்த டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "இது உங்களதுண்ணா" என்றேன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது. நமக்கும் ஒரு ஷூமேக்கர் மனசு!

அண்ணன் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் என் சட்டைப் பையில் திரும்ப வைத்தார்.

"ஷூமேக்கர் கோப்பையைக் கொடுத்தாரு தம்பி. பாயிண்ட்டைக் கொடுத்தாரா?"

போளூர் வரைக்கும் நான் பேசவில்லை. போளூருக்கு அப்புறமும் பேசவில்லை.

ஆனாலும் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த அக்டோபர் 30-ம் தேதி, கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ரேஸ். நரேன் அப்போது ஹெச்.ஆர்.டி. என்ற கடைக்கோடி டீமில் இருந்தார். வருஷ நடுவில் அவர் சீட்டை ரிக்கார்டோ என்கிற ஆஸ்திரேலியப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தியாவில் ரேஸ் என்றதும், அந்த ஒரு ரேஸுக்கு மட்டும் லியூஸி என்ற இத்தாலிக்காரரை உட்கார வைத்துவிட்டு நரேனுக்கு சீட். நாங்கள் விசில் அடித்துப் பார்த்தோம். நரேன் 17-வதாக வந்தார், அதே ரிக்கார்டோவுக்கு ஒரு இடம் முன்னால். நான் துள்ளிக் குதித்தேன். அண்ணனும் கை தட்டினார். தட்டிவிட்டு, "லியூஸி வீட்டுல இன்னிக்கு டி.வி. போட்டிருப்பாங்களா தம்பி?" என்றார்.

நம்ம ஆளுக்காக இன்னொருத்தரைத் தூக்கினபோது எனக்கு அநியாயம் என்று தோன்றவே இல்லையே! அன்றைக்குத்தான் உறைத்தது.

2012-ல் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். அவலூர்பேட்டை ரோட்டில் சின்னதாக ஒரு கடை. பழைய வண்டி வாங்கிச் சரிசெய்து விற்கிற வியாபாரம். டீக்கடைக்காரர் திறப்பு விழாவுக்கு வந்து, வரிசையாக நின்ற பழைய மொபெட்டுகளைப் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு தெருவுல கூவுவான். இங்க பழைய இரும்புக்குப் பேரிச்செல்லோ!" என்றார். முதல் முறையாக அந்தப் பெயரைச் சரியாக உச்சரித்தது அன்றைக்குத்தான்.

அண்ணன் போன பிறகு இந்த விவகாரத்தை மண்டைக்குள் வைத்து நான் உருட்டாத நாளில்லை. என் பக்கத்து வக்கீலாக முதலில் வாதாடினேன். ஒருத்தரைத் தூக்கிவிடாத டீமின் கதி என்ன? 2007-ல் மெக்லாரன் டீமில் அலோன்ஸோவும் ஹாமில்டனும். இரண்டு பேரும் சமம் என்றார்கள். வருஷம் முழுக்க அடித்துக்கொண்டு, முடிவில் ஆளுக்கு 109 பாயிண்ட். ஃபெராரியின் ராய்க்கோனன் 110 எடுத்து, ஒரே ஒரு பாயிண்டில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். அதுவும் எப்படி? கடைசி ரேஸ் பிரேசிலில். சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் மாஸாதான் முதலில் ஓடினார். அவருக்கு சாம்பியன் ஆக வாய்ப்பில்லை, ராய்க்கோனனுக்கு இருந்தது. பிட் ஸ்டாப் சாக்கில் இடம் மாறியது. அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. வேலூர்க்காரனிடம் நாங்கள் இரண்டு பேரும் தோற்றிருந்தால், 2007 மெக்லாரன்தானே?

நம்ம ஊர்க் கொடி போட்ட டீமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஸ் இந்தியா. விஜய் மல்லையாவின் டீம். (அவரைப் பற்றி பாங்குக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் வேறு எதற்கு!) பணக்கார டீம்களுக்கு நடுவில் கஷ்ட ஜீவனம் செய்து, 2016, 2017 இரண்டு வருஷமும் நாலாவது இடம். 2017-ல் டிரைவர்கள் செர்ஜியோ பெரெஸ், எஸ்டபன் ஓகான். கனடாவில் ஓகான் புது டயரோடு வேகமாக இருந்தார். முன்னால் போகிறவரைப் பிடிக்க அவரை விடச் சொன்னார்கள். பெரெஸ் விடவில்லை. பின்னாலிருந்து வெட்டல் வந்து இரண்டு பேரையும் தாண்டிப் போனார். பாகூவில் முன்வரிசைக் கார்களுக்கெல்லாம் ஏதேதோ ஆகி, மேடையேறும் யோகமே கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். பெல்ஜியத்தில் ஒரே ரேஸில் இரண்டு தடவை! அதற்குப் பிறகுதான் டீம் கண்டிப்பாக ஆர்டர் போட்டது. ஏழை வீட்டில் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் உடைவது வீட்டுச் சட்டிதான்.

இவ்வளவு பாயிண்ட்டையும் ஒருநாள் அண்ணன் கடையில் போய்க் கொட்டினேன். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஆர்டர் போட்டது தப்புன்னு நான் எப்பப்பா சொன்னேன்? என்னையும் உள்ள கூப்பிட்டு, 'உனக்கு டிகிரி இல்ல, தம்பிக்காக ஓடு'ன்னு அவர் சொல்லியிருந்தா ஓடியிருக்க மாட்டேனா? தெரிஞ்சப்புறம் ஓடினேனே, பார்த்தியே. அந்த அஞ்சு நாள்தான் தம்பி. அந்த அஞ்சு நாள் எனக்காக ஓடறேன்னு நினைச்சு ஓடினேன்."

கார்புரேட்டரை ஊதினார். "நீ எதிர்லதான் உக்காந்திருந்தே" என்றார்.

வக்கீல் அங்கேயே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டார்.

இப்போது அந்த மேனேஜர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் கீழே இரண்டு பையன்கள். இரண்டு பேருமே டிகிரி. ஒருத்தன் தீவிர அஜித் ரசிகன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸ் நடந்ததே, பிராக்டீஸில் அஜித் கார் மோதியது. அதற்கப்புறம் தன் பெயரிலேயே இருக்கிற டீமின் போர்ஷே காரைத் தான் ஓட்டாமல் மற்ற டிரைவர்களிடம் விட்டுவிட்டு, வேறொரு டீமின் காரை ஓட்டினார். அவர் டீம் கார் அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஓனரே டீமுக்காக ஒதுங்கிய கதை. பையன் ஒரு மாதத்துக்குக் கஸ்டமரிடம்கூட மைலேஜுக்குப் பதில் இதைத்தான் பேசினான். இன்னொருத்தன் மெக்லாரன் பைத்தியம். 2025 செப்டம்பரில் மான்ஸாவில் நாரிஸுக்கு டயர் மாற்ற லேட்டாகி, சக டிரைவர் பியாஸ்ட்ரி முன்னால் போய்விட, 'இடத்தைத் திருப்பிக் கொடு' என்று டீம் சொன்னது. பியாஸ்ட்ரி கொடுத்தார். இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. வித்தியாசம் வெறும் மூணு பாயிண்ட். டிசம்பரில் நாரிஸ் உலக சாம்பியன் ஆனது எத்தனை பாயிண்டில்? 423-க்கு வெர்ஸ்டப்பன் 421. இரண்டே பாயிண்ட்! அந்த மூணை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பியாஸ்ட்ரி அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால்? பையன்கள் இரண்டு பேரும் இதற்காக ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

போன மார்ச்சில் மறுபடி ஏரியா போட்டி. இருபதாம் தேதி முதலாளியிடமிருந்து போன். "ரெண்டு பேரும் தனித்தனியா இழுத்தா விழுப்புரம் அடிச்சுட்டுப் போயிடும். ஒருத்தனைத் தூக்கிவிடு. வெளியில தெரிய வேணாம்."

ரிசீவரை வைத்தேன். என் கையில் பேனா. மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்!

இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டேன். ரிஜிஸ்தரை மேஜையில் விரித்து வைத்து, முதலாளி சொன்னதை 'வெளியில தெரிய வேணாம்' உட்பட ஒப்பித்தேன். யார் முன்னால் இருக்கிறார்கள், விழுப்புரம் எவ்வளவு, விட்டுக்கொடுப்பவனுக்கு என்ன கிடைக்கும், கிடைக்காது, எல்லாம் சொன்னேன். "அரை மணி நேரம். டீ குடிச்சுட்டு வந்து சொல்லுங்க. சேர்ந்து ஓடறதுன்னா யார் யாருக்காக ஓடறான்னு இதே ரிஜிஸ்தர்ல எழுதிக் கையெழுத்துப் போடுவோம்."

டீ குடித்துவிட்டு வந்தார்கள். அஜித் ரசிகன்தான் பேசினான். "நாங்க ரெண்டு பேரும் ஓடறோம் சார். விழுப்புரம் ஜெயிச்சா ஜெயிக்கட்டும்."

"அஜித் ஒதுங்கினாரேடா?"

"அவரே ஒதுங்கினாரு சார். யாரும் ஒதுக்கலை."

விழுப்புரம் ஜெயித்தது, மூன்று வண்டி வித்தியாசத்தில். பையன்கள் இருவரையும் கூட்டினால் விழுப்புரத்தைச் சுலபமாகத் தாண்டியிருக்கலாம். ஏப்ரல் அஞ்சாம் தேதி எனக்கு மெமோ வந்தது. முதலாளி மேல் எனக்குக் கோபமில்லை; அவர் நாற்காலியில் இருந்தால் நானும் அனுப்பியிருப்பேனோ என்னவோ. இன்னமும் நான் டீம் ஆர்டருக்கு எதிரியில்லை. பையன்கள் சரி என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போட்டிருப்பேன், கோப்பையும் வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மெமோவை எடுத்துக்கொண்டு அவலூர்பேட்டை ரோட்டுக்குப் போனேன். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். அவருக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது.

"பசங்க ரெண்டும் பேசிக்குதா?"

"ஒண்ணாத்தாண்ணா டீ குடிக்குதுங்க."

"ம்" என்று மெமோவை மடித்துக் கொடுத்தார். நான் பையிலிருந்து அந்தப் பழைய டப்பாவை எடுத்தேன். இத்தனை வருஷமாக பீரோவில் கிடந்தது. மனைவிக்கு ஒரு கதை, அம்மாவுக்கு ஒரு கதை சொல்லி விற்காமல் வைத்திருந்தேன். பஸ்ஸில் நடந்ததை நினைத்துக்கொண்டு, நீட்டலாமா வேண்டாமா என்று நான் தயங்குவதற்குள் அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"தங்கம் விக்கிற விலையில இந்தத் தடவை வேணாம்னு சொல்ல நான் இன்னா பைத்தியமா?" என்று சிரித்தார். டப்பாவைத் திறந்து காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைக் கணக்கு நோட்டை இழுத்து, காதில் இருந்த பென்சிலை எடுத்து, ஏதோ வகுத்தார்.

"முப்பத்தி நாலு வண்டியில பத்தொன்பது என்னுது. எட்டு கிராமுக்கு, நாலரை கிராம் என் பங்கு. மீதி மூன்றரைக்கு உனக்குப் பணம் தரணும். ஒரேயடியா முடியாது தம்பி, மாசாமாசம் வாங்கிக்க."

வேண்டாம் என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நோட்டில் என் பெயரை இனிஷியலோடு எழுதிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது. அந்தப் பதினோரு நாளில் அவருடையது எத்தனை என்று நான் ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை.